நிக்கோபார்ப் பன்றி: தசை வளர்ச்சியும் இறைச்சியின் தரமும்

அந்தமான் நிக்கோபார் யூனியன் பிரதேசத்தின் தென்பகுதித் தீவுகளில் பன்றி குடும்பச் செல்வமாகக் கருதப்படுகிறது. ‘துஹெத்’ எனப்படும் நிக்கோபார்க் கூட்டுக் குடும்பங்கள் தென்னந்தோப்புகளையும் பன்றிகளையும் பொதுவில் பேணி வந்துள்ளன. விழாக்களிலும் ஈமச் சடங்குகளிலும் பன்றி இறைச்சிக்குத் தனியிடம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலையில் இப்பன்றிகள் பெருமளவில் மாண்டன. எஞ்சிய நாட்டினத்தைப் பெருக்குவதா, அதிக இறைச்சி தரும் அயலினங்களைக் கொண்டுவருவதா என்பது திட்டமிடுவோர் முன்னுள்ள வினாவாகும். இதற்கு விடை காணத் தசை வளர்ச்சியின் மரபியலை அறிதல் அவசியம்.

தசை உருவாகும் விதம்

பன்றியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 114 நாட்கள். கருவில் தசைநார்கள் இரு கட்டங்களாகத் தோன்றுகின்றன. முதலில் தோன்றும் நார்களைச் சுற்றி, இரண்டாம் கட்ட நார்கள் அதிக எண்ணிக்கையில் அமைகின்றன. குட்டி பிறக்கும்போது நார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதன்பின் நிகழும் தசை வளர்ச்சி, நார்கள் பருப்பதேயாகும். ஆகவே, சினைப்பன்றிக்கு அளிக்கும் தீனியும் பராமரிப்பும் குட்டியின் பிற்கால எடைக்கு அடித்தளமாகின்றன.

ஆதாயமும் விலையும்

தசையைப் பெருக்கும் மரபணு மாற்றங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. தசைச் செல்களில் சுண்ணச்சத்தின் போக்கைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 1991-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். பெல்ஜியத்தின் பியட்ரெய்ன் போன்ற தசைப்பற்று மிக்க இனங்களில் இம்மாற்றம் மிகுதி. இது கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டுகிறது. ஆனால், தாய், தந்தை இருவழியிலும் இதனைப் பெற்ற பன்றி வெப்பத்தாலும் பயண அலைச்சலாலும் திடீரென மடியக்கூடும்.

இறைச்சியும் கெடுகிறது. பன்றி கொல்லப்பட்டதும் தசையிலுள்ள கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. இம்மாற்றம் பல மணி நேரத்தில் மெதுவாக நிகழ்வதே இயல்பு. மேற்கூறிய பன்றிகளில், உடற்சூடு தணியுமுன்னரே அமிலம் விரைந்து பெருகிப் புரதத்தைச் சிதைக்கிறது. இறைச்சி வெளிறி, தளர்ந்து, நீர் கசியும். எடையும் விலையும் குறையும். வெப்பம் மிகுந்து, கப்பல் பயணம் தவிர்க்க முடியாததாக உள்ள தீவுகளுக்கு இவ்வியல்பு பெருங்கேடாகும்.

இதற்கு மாறாக, வளர்ச்சியைத் தூண்டும் மற்றொரு மரபணுவில் 2003-இல் கண்டறியப்பட்ட மாற்றம் தசையைக் கூட்டி, முதுகுக் கொழுப்பைக் குறைக்கிறது. தசையில் இம்மரபணுவின் தந்தைவழிப் பிரதி மட்டுமே செயற்படுகிறது. எனவே, இம்மாற்றத்தை இரு பிரதிகளிலும் உடைய ஆண் பன்றியை நாட்டுப் பெண் பன்றியுடன் இணைத்தாலும் குட்டிகள் அனைத்தும் அதன் பயனைப் பெறுகின்றன.

கடைப்பிடிக்க வேண்டிய வழி

குட்டையான கால்களும், தோள் முதல் வால் வரை முதுகில் தடித்த உரோமமும் கொண்ட நிக்கோபார்ப் பன்றி, கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பில் தனி இனமாகப் பதிவு பெற்றுள்ளது. 1978-இல் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) நிறுவப்பட்ட மத்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், இன்று மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் தீவுகளின் கால்நடை இனங்களை ஆய்ந்து வருகிறது.

இந்நிலையில் மூன்று நெறிகள் பொருத்தமானவை. முதலாவதாக, தூய நாட்டின மந்தைகளைக் கலப்பின்றித் தனியே காத்தல் வேண்டும். இரண்டாவதாக, கலப்பினக் குட்டிகளை இறைச்சிக்கென மட்டும் வளர்த்து, இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தாதிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, கலப்புக்குரிய ஆண் பன்றி எதனையும் மரபணுச் சோதனைக்குப்பின்னரே தீவுக்குள் அனுமதித்தல் வேண்டும்.

இறைச்சியின் தரத்தை மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. பன்றி உண்ணும் கொழுப்பின் இயல்பு அதன் உடற்கொழுப்பிலும் படிகிறது. தேங்காயை உண்டு வளரும் நிக்கோபார்ப் பன்றியின் கொழுப்பு இறுகிய தன்மையுடையதாக அமைவது இதனாலேயே. இனத்தை மாற்றி, தீனியையும் வெளியிலிருந்து தருவிக்கும் திட்டம் தீவினரின் செலவைக் கூட்டும். அளவற்ற கலப்பினால் நாட்டினம் ஒருமுறை மறைந்துவிட்டால், எவ்வளவு நிதி ஒதுக்கினும் அதனை மீட்க இயலாது. அயலினத்தை எப்போது வேண்டுமாயினும் தருவிக்கலாம் என்பதைத் திட்டமிடுவோர் கருத்திற் கொள்ளுதல் நலம்.