நம் கண்ணீர் முன்னிட்டி வரை போகிறதா?



ஆகமன காலம் பிறந்ததும் வீட்டு வாசலில் நட்சத்திரம் ஏறுகிறது. கடைகளில் பஞ்சினால் பனி செய்து ஒட்டிய மரங்கள் நிற்கின்றன. மாலையானால் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கிறிஸ்துமஸ் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. பனி பெய்கிற ஓர் ஊர். பிரிந்துபோன ஒரு குடும்பம். 24-ந் தேதி இரவு எல்லாரும் ஒன்று சேருகிறார்கள். கோவில் மணி அடிக்கிறது. நமக்கும் கண் கலங்குகிறது. “நல்ல படம்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிடுகிறோம்.

கண் கலங்குவது பாவமா? இல்லை. கல்நெஞ்சைவிடக் கலங்குகிற நெஞ்சு மேலானது. நம் ஆண்டவர்கூட லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டார். ஆனால் அவர் அழுததோடு நிற்கவில்லை. கல்லைப் புரட்டச் சொல்லி, மரித்தவரை எழுப்பினார். ஆகையால், அழலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. நம் கண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. படத்தில் வரும் தம்பிக்காக அழுகிற ஒருவர், சொத்துத் தகராறினால் சொந்தத் தம்பியோடு பேசாமல் ஐந்தாவது கிறிஸ்துமஸைக் கழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணீரால் யாருக்கு என்ன பயன்?

உலகம் நன்கறிந்த மூன்று கிறிஸ்துமஸ் கதைகளை எடுத்து, அவற்றில் நமக்குள்ள பாடம் என்ன, குறை என்ன என்று இன்று பார்ப்போம்.

முதலாவது: கஞ்சன் ஸ்குரூஜ்

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி வெளியிட்ட ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ என்னும் கதை இது. டிக்கன்ஸ் ஏழ்மையைக் காதால் மட்டும் கேட்டு எழுதியவர் அல்லர். அவருடைய தகப்பனார் கடனுக்காகச் சிறையிலிருந்தபோது, 12 வயதுச் சிறுவனாக, காலணிக்குப் பூசும் மை செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர்.

கதையில் வரும் ஸ்குரூஜ், ஏழைகளுக்காகப் பணம் திரட்ட வந்தவர்களை, “சிறைச்சாலைகள் இல்லையா?” என்ற பாவனையில் பேசி அனுப்பிவிடுகிறான். அன்றிரவு வந்த ஆவிகள் அவன் வாழ்வை அவனுக்கே காட்டுகின்றன. அவன் மனம் மாறுகிறது. மாறினான் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? அழுததினால் அல்ல. காலையில் குமாஸ்தாவின் வீட்டுக்கு வான்கோழி அனுப்புகிறான். முந்தின நாள் விரட்டியவரிடம் பணம் தருவதாகச் சொல்லுகிறான். கோவிலுக்குப் போகிறான். வெறுத்து ஒதுக்கியிருந்த மருமகன் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் உட்காருகிறான். மறுநாள் குமாஸ்தாவின் சம்பளத்தை உயர்த்துகிறான்.

பாருங்கள், மனஸ்தாபம் சம்பளக் கணக்கிலே தெரிகிறது! நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அம்மாளுக்கும், வயலில் கூலி செய்கிறவருக்கும், கடையில் நிற்கும் பையனுக்கும் கொடுக்கவேண்டிய பாக்கி உண்டா? திருநாளுக்கு முன் அதைக் கொடுத்துவிடுங்கள். அது தருமம் அல்ல, நீதி. நீதியைச் செலுத்திய பிறகுதான் தருமத்தைப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது: பாலத்தின்மேல் நின்ற மனிதன்

1946-ம் ஆண்டு அமெரிக்காவில் பிராங்க் காப்ரா என்பவர் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்ற படத்தை எடுத்தார். அதன் நாயகன் ஜார்ஜ் பெய்லி. உலகமெல்லாம் சுற்ற ஆசைப்பட்டவன், தகப்பனார் விட்டுப்போன சிறு கடன் சங்கத்தை நடத்தி, ஏழைகள் சொந்த வீடு கட்ட உதவிக்கொண்டு, ஊரிலேயே தங்கிவிடுகிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சங்கத்தின் 8,000 டாலர் பணம் தொலைந்துபோகிறது. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஆற்றுப் பாலத்தில் நிற்கிறான். ஒரு சம்மனசு வந்து, அவன் பிறவாதிருந்தால் அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறது. வீடு திரும்பினால், ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் பணத்தோடு ஓடிவருகிறார்கள்.

பிள்ளைகள் இதைப் பார்த்தால் ஒரு காரியத்தைத் திருத்திச் சொல்லுங்கள். இந்தப் படத்தில் இறந்துபோன ஒரு மனிதனே சம்மனசாகி, இறக்கை பெறுவதற்காக உழைக்கிறான். திருச்சபை போதிப்பது வேறு. சம்மனசுகள் சர்வேசுரனால் உண்டாக்கப்பட்ட அரூபிகள். மனிதர் இறந்து சம்மனசாக மாறுவதில்லை. நாம் சரீர உத்தானத்தை எதிர்பார்த்திருக்கிறவர்கள்.

ஆனால் படத்தின் நல்ல பாடத்தைத் தள்ளவேண்டாம். ஒருவரும் அறியாமல் செய்த தியாகம் வீண்போவதில்லை. நசரேத்தூரில் அர்ச். சூசையப்பர் தச்சு வேலை செய்து திருக்குடும்பத்தைக் காப்பாற்றியதை எந்த ஊரார் புகழ்ந்தார்கள்? இன்னொரு பாடமும் உண்டு. கடனாலும் அவமானத்தாலும் நொந்து, இந்தத் திருநாளை நினைத்தாலே பயப்படுகிற ஒரு வீடு நம் தெருவிலும் இருக்கலாம். படத்தில் ஊரார் ஓடிவந்தார்கள். நம் தெருவில் யார் ஓடுவது?

மூன்றாவது: போர்வையைக் கீழே விட்ட சிறுவன்

1965-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் சார்லி பிரவுன் என்ற சிறுவனைப் பற்றிய கார்ட்டூன் படம் காட்டப்பட்டது. எல்லாரும் பரிசுக்கும் அலங்காரத்துக்கும் அலைவதைக் கண்டு சலித்த சார்லி, கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று கதறுகிறான். அப்போது லைனஸ் என்னும் அவன் சிநேகிதன் மேடை நடுவே நின்று, இடையர்களுக்குச் சம்மனசு தோன்றியதைக் கூறும் அர்ச். லூக்காஸ் சுவிசேஷப் பகுதியை மனப்பாடமாகச் சொல்லுகிறான். சித்திரக்காரர் சார்லஸ் ஷுல்ஸ், அந்தப் பகுதி இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்.

லைனஸ் ஒரு போர்வையை எப்போதும் கையில் பிடித்திருப்பவன். அது இல்லாவிட்டால் அவனுக்குப் பயம். பயப்படவேண்டாம் என்று சம்மனசு சொன்ன வார்த்தையை உச்சரிக்கும்போது, அந்தப் போர்வையைக் கீழே விட்டுவிடுகிறான்! சின்னப் பிள்ளைகளுக்கான படமானாலும், பெரியவர்களும் சிந்திக்கவேண்டிய காரியம். சுவிசேஷத்தைக் கேட்டு, நாம் பிடித்திருக்கும் எதை விடப்போகிறோம்? கோபத்தையா? குடியையா? மூடிவைத்த ஒரு பாவத்தையா?

கதைகள் தரமுடியாதது

இந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் மனிதர் நல்லவராகிறார்கள். உடனே கிறிஸ்துமஸ் பிறக்கிறது. பெத்லகேமில் நடந்தது அப்படியல்ல. அங்கே ஒருவர் நெஞ்சும் இளகவில்லை. சத்திரத்தில் இடமில்லை. ஏரோது கத்தியைத் தீட்டினான். அப்படியிருந்தும் சர்வேசுரனுடைய திருச்சுதன் வந்தார். நாம் நல்லவர்களாயிருந்ததினால் அல்ல, பாவிகளாயிருந்ததினால் வந்தார். மாடுகள் தீவனம் தின்னும் முன்னிட்டியில் அவரைத் தேவமாதா கிடத்தினார்கள். இது “ஓர் ஊரிலே” என்று தொடங்குகிற கதையல்ல. அகுஸ்து இராயன் காலத்தில், குடிக்கணக்கு எழுதப்பட்ட நாளில் நடந்ததென்று அர்ச். லூக்காஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ஆகவேதான் கிறிஸ்து பிறப்புத் திருநாள் பூசையில், விசுவாசப் பிரமாணத்தில் தேவசுதன் மனிதனானார் என்று சொல்லும் இடத்தில் யாவரும் முழந்தாளிட வேண்டுமென்று திருச்சபை கட்டளையிட்டிருக்கிறது. மற்ற ஞாயிறுகளில் தலை வணங்குகிறோம். அன்று முழங்கால் தரையில் படவேண்டும். அழுத கண்ணைவிட மடங்கின முழங்கால் அதிகம் பேசும்.

அர்ச். பிரான்சிஸ் அசிசியார் 1223-ம் ஆண்டு கிரேச்சியோ என்ற ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு குடில் அமைத்தார். அழகு காட்டவா? இல்லை, குழந்தை சேசு எவ்வளவு தரித்திரத்தில் கிடந்தார் என்பதைச் சனங்கள் கண்ணால் காணவேண்டும் என்பதற்காகவே. அந்த முன்னிட்டியின்மேல் பூசையும் நடந்தது. குடிலிலிருந்து பீடத்துக்கு வழி இருக்கிறது என்பதை மறவாதிருங்கள்.

படங்கள் 25-ந் தேதியோடு முடிந்துவிடும். திருச்சபையோ 26-ந் தேதி கல்லெறிபட்டு மரித்த அர்ச். முடியப்பரையும், 28-ந் தேதி ஏரோதால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளையும் நமக்குமுன் நிறுத்துகிறது. இனிப்பை மட்டும் விரும்புகிறவனுக்கு இது புரியாது. முன்னிட்டியில் கிடந்தவர் சிலுவைக்குப் போகப் பிறந்தவர் என்று அறிந்தவனுக்குப் புரியும்.

இந்த வாரம் வீட்டில் செய்ய:

1. படம் பார்த்தால், முடிந்தபின் தகப்பனார் பிள்ளைகளிடம் கேட்கட்டும்: இதில் சேசுநாதர் எங்கே இருக்கிறார்? அவர் இல்லாமலும் இந்தக் கதை நடக்குமா?

2. 24-ந் தேதி மாலை தொலைக்காட்சியை நிறுத்தி, குடிலின் முன் குடும்பமாய் அமர்ந்து, லூக்காஸ் இரண்டாம் அதிகாரத்தில் முதல் இருபது வசனங்களைப் பிள்ளைகளில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும்.

3. திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். பேசாதிருக்கும் அண்ணன், தம்பி, சம்பந்தி யாராயினும், நீங்களே முதலில் அவர் வாசலுக்குப் போங்கள்.

இடையர் சேதி கேட்டு ஆனந்தப்பட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை. விரைந்து போனார்கள், கண்டார்கள். நாமும் எழுந்து போவோம்.