பாடம் 9: தக்க திருப்புளி

நுழையும்முன்

நடுவண் அரசுப் பணியாளர்களின் குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மேசை, புத்தக அலமாரி, திரைச்சீலைக் கம்பியின் தாங்கிகள் எனப் பல பொருள்கள் கழற்றப்படுகின்றன. புதிய ஊரில் மீண்டும் பூட்டப்படுகின்றன. இப்பணிக்குத் துணைநிற்கும் சிறு கருவி திருப்புளி. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆணியும் திருகாணியும்

ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்குவர். அதனை மீண்டும் வெளியே எடுக்க நேர்ந்தால் மரம் சிதையும், ஆணியும் வளையும். திருகாணி அத்தகையது அன்று. அதன் உடலைச் சுற்றி ஏறிச்செல்லும் சுருள் வரம்புக்கு மரை என்று பெயர். மரை பொருளைக் கவ்விப் பிடிப்பதால் திருகாணி உறுதியாக நிற்கிறது. எதிர்ப்புறம் சுழற்றினால் பொருளுக்குச் சேதமின்றி வெளிவருகிறது. வேண்டும்போது கழற்றலாம், மீண்டும் பூட்டலாம் என்பதே திருகாணியின் சிறப்பு.

அச்சிறப்பு முழுவதும் திருகாணியின் தலையில் உள்ள பள்ளத்தைச் சார்ந்தது. பள்ளம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் கருவி பற்றுவதற்கு இடமில்லை. அதன்பின் அலமாரியைப் பிரிக்க மரத்தை உடைக்கத்தான் வேண்டும். பள்ளத்தைத் தேய்ப்பது பெரும்பாலும் காலம் அன்று, பொருந்தாத திருப்புளியே. ஒரு திருகாணியின் விலை மிகச் சிறிது. ஆனால் அதன் தலை தேய்ந்தால் இழப்பது அலமாரியாகவோ கதவின் பூட்டாகவோ இருக்கக்கூடும்.

பெயரும் பொருளும்

திருப்பு + உளி = திருப்புளி. உளி என்பது தச்சர் மரத்தைச் செதுக்கும் கருவி. தட்டையான முனையையுடைய பழைய திருப்புளி தோற்றத்தில் உளியை ஒத்தது, செயலில் வேறுபட்டது. உளி செதுக்கும், திருப்புளி திருப்பும். வேறுபாட்டைப் பெயரே சொல்லிவிடுகிறது. இந்தியில் இதனைப் ‘பேச்கஸ்’ என்பர். தில்லியிலோ போபாலிலோ கடைக்குச் செல்லும் தமிழ் மாணவர் இரு சொற்களையும் அறிந்திருத்தல் நன்று.

முனைகள் பலவான வரலாறு

15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பாவில் திருப்புளி வழக்கில் இருந்தது. நெடுங்காலம் ஒற்றைக் கோட்டுப் பள்ளமே திருகாணித் தலைகளில் வெட்டப்பட்டது. அதில் ஒரு குறை உண்டு. சற்றே கை சாய்ந்தாலும் முனை பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும், பொருளில் கீறல் விழும், கையும் காயப்படும்.

இக்குறையைப் போக்கக் கனடா நாட்டின் பி. எல். ராபர்ட்சன் 1908இல் சதுரக் குழியுடைய திருகாணியை உருவாக்கினார். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ், ஜான் தாம்சன் என்பவரின் கண்டுபிடிப்பை வளர்த்தெடுத்து, சிலுவை வடிவப் பள்ளத்திற்கு 1936இல் காப்புரிமை பெற்றார். மகிழுந்துத் தொழிற்சாலைகளுக்கு அது மிகவும் ஏற்றதாயிற்று. சிலுவைப் பள்ளத்தில் முனை தானே நடுவில் அமர்ந்துகொள்வதால், இயந்திரத்தைக் கொண்டு விரைவாகத் திருகாணிகளைப் பூட்ட முடிந்தது. 1967இல் ஆறு முனை நட்சத்திர வடிவமான டார்க்ஸ் வந்தது.

கடையில் குழப்பம் நேரும் இடம் ஒன்று உண்டு. நம் நாட்டுக் கடைகளில் ‘ஸ்டார்’ என்று கேட்டால் பெரும்பாலும் நான்கு கைகளையுடைய சிலுவை முனையையே தருவர். உண்மையான ஆறு முனை நட்சத்திரம் வேண்டுமெனில் டார்க்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அறுகோணக் குழியுடைய திருகாணிக்கு இவை எவையும் பயன்படா. அதற்கு ‘அலன் கீ’ எனப்படும் வளைந்த சாவி தேவை.

பொருத்தமே முதல் தரம்

விலை உயர்ந்த திருப்புளியே நல்ல திருப்புளி என்பது பலரது எண்ணம். விலை எவ்வளவாயினும், திருகாணியின் பள்ளத்தில் பொருந்தாத முனை அப்பணிக்கு நல்ல முனை ஆகாது. ஆகவே கடைக்குச் செல்லுமுன் வீட்டில் உள்ள திருகாணிகளை உற்றுநோக்குதல் வேண்டும்.

தட்டை முனை: முனையின் அகலம் பள்ளத்தின் நீளத்தை ஒத்திருக்க வேண்டும். முனையின் தடிப்பு பள்ளத்தை நிறைக்க வேண்டும். மெல்லிய முனை பள்ளத்தினுள் ஆடும். அதன் ஓரங்கள் பள்ளத்தின் விளிம்பைச் சிதைக்கும். அகன்ற முனை வெளியே நீண்டு சுற்றியுள்ள மரத்தைக் கீறும்.

சிலுவை முனை: இதன் அளவுகள் எண்களால் குறிக்கப்படும். ‘பி.எச்.’ என்னும் குறியின் பின் 0, 1, 2, 3 முதலிய எண்கள் இருக்கும். எண் பெருகப் பெருக முனையும் பெரிதாகும். வீட்டுப் பொருள்களில் மிகுதியாகக் காணப்படுவது 2ஆம் எண். விளையாட்டுப் பொருள்களின் மின்கல மூடி போன்றவற்றிற்கு 1ஆம் எண்ணோ அதனினும் சிறியதோ தேவைப்படும். 2ஆம் எண் திருகாணியை 1ஆம் எண் முனையால் திருப்ப முயல்வதே பள்ளங்கள் பாழாவதற்குப் பெருங்காரணம்.

ஒத்த தோற்றமுடைய வேறு முனைகள்: பகுதி பகுதியாக வாங்கி வீட்டில் பூட்டப்படும் அலமாரிகளில் பொசிடிரைவ் என்னும் வகைத் திருகாணிகள் இருக்கக்கூடும். அவற்றின் தலையில் சிலுவைக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் கூடுதலாகத் தெரியும். அவற்றிற்குப் ‘பி.இசட்.’ குறியுள்ள முனை வேண்டும். ஜப்பானிய முறையில் செய்யப்பட்ட இருசக்கர வண்டிகளில் ஜப்பானியத் தரச் சிலுவைத் திருகாணிகள் உண்டு. அவற்றுள் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி காணப்படும். அவற்றில் சாதாரணச் சிலுவை முனை ஆழமாக இறங்காது. ஆகவே எளிதில் வழுக்கும்.

கடையில் காணத்தக்க நான்கு

1. முனை: விளிம்புகள் கூர்மையாகவும் ஒரே சீராகவும் இருத்தல் வேண்டும். இயன்றால் வீட்டிலிருந்து ஒரு திருகாணியை எடுத்துச் சென்று முனையில் பொருத்திப் பார்க்கலாம். ஆட்டமின்றி அமர்ந்தால் பொருத்தம் சரி. காந்த முனையாயின், திருகாணி ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கண்டு பொருத்தம் என்று கொள்ளலாகாது. அசைத்துப் பார்க்க வேண்டும்.

2. எஃகு: மென்மையான எஃகாலான முனை விரைவில் முறுகும், அளவுக்கு மீறிக் கடினமானது சில்லாக உடையும். குரோம் வனேடியம் எஃகும் ‘எஸ்2’ எனப்படும் கருவி எஃகும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உறுதி உடையவை. தண்டின் மேல் இப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். குரோமியப் பூச்சு வேறு, குரோம் வனேடியம் எஃகு வேறு. பூச்சு துருவைத் தடுக்கும், வலிமை தராது. நல்ல திருப்புளிகள் பலவற்றில் முனை மட்டும் கறுத்திருக்கும். பூச்சின் தடிப்பு முனையின் அளவை மாற்றாதிருக்கவே அவ்வாறு விடுவர். ஆதலின் மினுக்கத்தை நம்பி வாங்குதல் தவறு.

3. தண்டு: தண்டு நேராக இருத்தல் வேண்டும். கைப்பிடி விளிம்புக்கு வெளியே நிற்குமாறு தண்டை மட்டும் கடையின் மேசைமேல் வைத்து உருட்டினால், முனை துள்ளாமல் சுழலும். துள்ளினால் தண்டு கோணியிருக்கிறது என்பது பொருள்.

4. கைப்பிடி: தண்டு கைப்பிடிக்குள் சிறிதும் சுழலக் கூடாது. பிடி வழுக்காமலும், உள்ளங்கை நிறையுமாறு பருமனாகவும் இருத்தல் நன்று.

தெரிந்து தெளிவோம்

நீளமான திருப்புளி மிகுந்த ஆற்றல் தரும் என்று பலர் கருதுவர். திருப்புவிசை தண்டின் நீளத்தால் பெருகுவதில்லை; கைப்பிடியின் பருமனால் பெருகுகிறது. ஒரே அளவு விசையை விரல்கள் தந்தால், 20 மி.மீ. விட்டமுள்ள பிடியைவிட 30 மி.மீ. விட்டமுள்ள பிடி ஒன்றரை மடங்கு திருப்புவிசை தரும். நீண்ட தண்டு எட்டாத இடத்தை எட்டவும், முனையை நேராக நிறுத்தவும் பயன்படும்.

வீட்டிற்கு எத்தனை வேண்டும்?

முப்பது கருவிகள் அடங்கிய மலிவான பெட்டியைவிடத் தேர்ந்த நான்கு கருவிகள் மேலானவை. 1ஆம் எண் சிலுவை முனை ஒன்று, 2ஆம் எண் சிலுவை முனை ஒன்று, ஏறத்தாழ 6 மி.மீ. அகலமுள்ள தட்டை முனை ஒன்று, 3 மி.மீ. தட்டை முனை ஒன்று ஆகியவை வீட்டுப் பணிகளில் பெரும்பகுதிக்குப் போதும். மூக்குக்கண்ணாடியின் திருகாணிக்கு மிகச் சிறிய முனை தனியே தேவை. அடிக்கடி வீடு மாறுவோர், முனைகளை மாற்றிப் பூட்டத்தக்க ஒற்றைக் கைப்பிடியை வாங்கலாம். அத்தகைய முனைகளின் அறுகோண அடிப்பகுதி 6.35 மி.மீ. என்னும் பொது அளவில் கிடைக்கும். ஒரு முனை தேய்ந்தால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும்.

பயன்படுத்தும் முறை

முதலில் அழுத்துக; பின்னர்த் திருப்புக. முனையும் திருகாணியும் ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். சிலுவைப் பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. ஆதலின் அழுத்தம் குறைந்தால் முனை மேலேறி வெளியே நழுவும். வலஞ்சுழியாகத் திருப்பினால் திருகாணி இறுகும். இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும்.

துருவேறிய திருகாணியை வலிந்து திருப்பலாகாது. துருநீக்கும் எண்ணெயைச் சிறிதளவு விட்டுக் காத்திருக்க வேண்டும். பள்ளம் சிறிதே தேய்ந்திருந்தால், அகன்ற ரப்பர் வளையம் ஒன்றை இடையில் வைத்து அழுத்தித் திருப்பிப் பார்க்கலாம். சில வேளைகளில் பிடி கிடைக்கும்.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பது பழமொழி. திருகாணிக்கு முன் அப்பழமொழி செல்லாது. கை தேர்ந்த தச்சரும் தேய்ந்த முனையைக் கொண்டு வேலை செய்ய மாட்டார். அவ்வாறே, திருப்புளியைக் கொண்டு வண்ண டப்பாவின் மூடியை நெம்புவதும், சுத்தியலால் அதன் தலையில் அடித்து உளியாக்குவதும் கூடா. முனை ஒருமுறை வளைந்தால் பின்னர்த் தொடும் ஒவ்வொரு திருகாணியையும் அது கெடுக்கும். பொருளை ஒரு கையில் ஏந்தி மறு கையால் திருப்புவதும் இடர் தரும். நழுவிய முனை உள்ளங்கையைத் துளைக்கும். பொருளை மேசைமேல் வைத்தே திருப்ப வேண்டும்.

மின்சாரமும் திருப்புளியும்

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. அது உயிரைப் போக்கக் கூடியது. பிளாஸ்டிக் கைப்பிடி இருப்பதால் மட்டும் ஒரு திருப்புளி மின்காப்புடையது ஆகாது. மின்பணிக்குரிய திருப்புளியில் முனையின் நுனி தவிரத் தண்டு முழுவதும் காப்புறை மூடியிருக்கும். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்னும் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். காப்புறையில் வெடிப்பு இருந்தால் அதனைப் பயன்படுத்தக் கூடாது.

பல வீடுகளில் உள்ள ‘டெஸ்டர்’ மின்னோட்டம் உண்டா என அறியும் கருவி. திருகாணியை இறுக்கும் கருவி அன்று. அதன் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடுதல் தவறு. முதன்மை இணைப்பைத் துண்டித்த பின்னரே எந்த மின்பொருளையும் திறக்க வேண்டும். மாணவர்கள் மின்பணியைப் பெரியோரிடம் விட்டுவிடுதல் வேண்டும்.

நிறைவாக

பழுதுபட்டதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குதல் எளிது. திறந்து பார்த்துச் செப்பம் செய்வதற்குப் பொறுமையும் தக்க கருவியும் வேண்டும். திருகாணியின் தலையைக் கெடுக்காமல் கழற்றுபவர், அடுத்து அதனைக் கழற்றப் போகும் கைக்கும் உதவி செய்கிறார்.

சொல்லும் பொருளும்

மரை – திருகாணியின் சுருள் வரம்பு
தண்டு – கருவியின் நீண்ட நடுப்பகுதி
வலஞ்சுழி – வலப்புறமாகச் சுழல்வது
இடஞ்சுழி – இடப்புறமாகச் சுழல்வது
நெம்புதல் – அடியில் முட்டுக்கொடுத்துக் கிளப்புதல்
செப்பம் செய்தல் – சீராக்குதல்

இலக்கணம் அறிவோம்

திருகாணி, திருப்புளி ஆகியன வினைத்தொகைகள். திருகிய ஆணி, திருகுகின்ற ஆணி, திருகும் ஆணி என முக்காலத்திற்கும் பொருந்துமாறு காலம் மறைந்து நிற்கிறது.

‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு, கருவிப் பொருளிலும் கருத்தாப் பொருளிலும் வரும்.
திருப்புளியால் கழற்றினாள் – கருவிப் பொருள்
தச்சரால் செய்யப்பட்டது – கருத்தாப் பொருள்

மதிப்பீடு

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. சிலுவைப் பள்ளத்திற்கு ஹென்றி ஃபிலிப்ஸ் காப்புரிமை பெற்ற ஆண்டு ______.
2. திருகாணியைத் தளர்த்த ______ஆகத் திருப்ப வேண்டும்.
3. வீட்டுப் பொருள்களில் மிகுதியாகக் காணப்படும் சிலுவை முனையின் எண் ______.

ஆ) பிரித்து எழுதுக.
திருகாணி, அச்சிறப்பு, காப்புறை

இ) எதிர்ச்சொல் தருக.
இறுகும், மெல்லிய, சரிவு

ஈ) குறுவினா
1. திருப்புளி என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. தண்டு நேராக இருப்பதை எவ்வாறு அறியலாம்?
3. குரோமியப் பூச்சுக்கும் குரோம் வனேடியம் எஃகுக்கும் உள்ள வேறுபாடு யாது?

உ) சிறுவினா
‘விலையினும் பொருத்தமே பெரிது’ – பாடச் செய்திகளைக் கொண்டு விளக்குக.

ஊ) செயல்பாடு
உம் வீட்டில் உள்ள பத்துத் திருகாணிகளின் தலைகளைப் பார்த்து, அவற்றின் பள்ள வடிவங்களை வரைக. எவ்வெவற்றிற்கு எந்த முனை பொருந்தும் என அட்டவணைப்படுத்துக. வீட்டில் உள்ள கருவிகளுக்குத் தமிழிலும், நீவிர் வாழும் மாநிலத்தின் மொழியிலும் வழங்கும் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.