சாதனைப் பட்டியலைப் படிப்பது எப்படி?

அன்புள்ள தம்பி கதிருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகளில் மிகச் சிறந்தவர் யார் என்று கேட்டிருக்கிறாய். மொத்தக் கணக்கில் டாம் பிரேடியை நெருங்க ஆளில்லை. 23 சீசன்களில், பிளேஆஃப் சேர்க்காமலே, பந்தை எறிந்து பெற்றது 89,214 கஜம். 649 டச்டவுன் பாஸ்கள். ஆனால் வெறும் எண்ணை வைத்து ஆளை அளக்காதே. சில கேள்விகளைக் கேட்டுப் பார்.

முதலில், அந்தக் கஜங்கள் யாருடையவை? குவார்ட்டர்பேக் 5 கஜம் எறிந்த பந்தைப் பிடித்து ரிசீவர் இன்னும் 60 கஜம் ஓடினால், 65 கஜமும் எறிந்தவர் கணக்கில்தான் சேரும். அதில் ரிசீவரின் கால்களுக்கும் பங்குண்டு.

அடுத்து, எத்தனை ஆட்டங்கள்? ஒரே சீசனில் 4,000 கஜத்தை முதலில் தாண்டியவர் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஜோ நேமத். 1967-இல் 4,007 கஜம். அப்போது சீசனுக்கு 14 ஆட்டங்கள். 1978-இல் அது 16 ஆனது. 2021 முதல் 17. ஆட்டத்துக்கு 236 கஜம் எறிந்தால் இன்று 4,000 வந்துவிடும். நேமத் காலத்தில் 286 வேண்டும்.

மூன்றாவது, விதி என்ன? 1978-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து 5 கஜத்துக்கு அப்பால் ரிசீவரை இடித்து மறிக்கக் கூடாது. குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்கள் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம். ரிசீவருக்கு இடம் கிடைத்தது, எறிபவருக்கு நேரம் கிடைத்தது. அதன் பிறகுதான் எண்கள் பெருகின.

அப்படியானால் 1984-இல் மயாமி டால்ஃபின்ஸ் அணியின் டான் மரீனோ 5,084 கஜமும் 48 டச்டவுன் பாஸ்களும் எடுத்தது விதியின் தயவா? இங்கேதான் முக்கியமான கேள்வி: அதே ஆண்டு, அதே விதியில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? டச்டவுனில் இரண்டாமிடம் பெற்ற டேவ் கிரீக் எடுத்தது 32. அதுவரை இருந்த சாதனையே 36தான். மரீனோவின் 48-ஐத் தாண்ட, 2004-இல் பேட்டன் மானிங் 49 எடுக்கும் வரை, 20 ஆண்டுகள் ஆயின. விதி மட்டுமே எல்லாம் அல்ல என்பதற்கு இன்னொரு சான்று: பழைய கடுமையான விதிகளின் கீழ் 1951-இல் நார்ம் வான் பிராக்லின் ஒரே ஆட்டத்தில் எறிந்த 554 கஜம் இன்னும் முறியடிக்கப்படவில்லை.

சாதனையையும் கோப்பையையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. மரீனோ அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் 38–16 என்று தோற்றார். கடைசிவரை கோப்பையைத் தொடவில்லை. 2007-இல் 50 டச்டவுன் எடுத்த பிரேடியும் இறுதிப் போட்டியில் தோற்றார். 2013-இல் 55 எடுத்த மானிங்கின் அணியும் அங்கே 43–8 என்று நொறுங்கியது. எதிரணியைத் தடுக்கும் வேலை குவார்ட்டர்பேக்குடையது அல்லவே!

நெடுங்கால உழைப்புக்கு பிரேடி. ஒரே சீசனின் உயரத்துக்கு 1984-இன் மரீனோ. இது என் தீர்ப்பு. நீ இதை அப்படியே ஏற்க வேண்டாம். உன் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண்டு, ஆட்டங்களின் எண்ணிக்கை, அந்த ஆண்டு இரண்டாமிடம் பெற்றவரின் எண் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள். பிறகு உன் தீர்ப்பை எழுது.

அன்புடன்,
அண்ணன்