கணக்குக் கோப்பு திறக்க மறுத்தால்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைக்குலை வாங்கி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கதலி எத்தனை கிலோ, இதரை எத்தனை கிலோ, எந்தத் தோட்டக்காரருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் முன்பு கொப்பியில் இருந்தது. இப்போது கணினியில், தெரிந்த தம்பி ஒருவர் எழுதிக் கொடுத்த சிறு மென்பொருளில் இருக்கிறது. சனசமூக நிலைய நூலகத்தின் புத்தகப் பதிவும் கோவில் உபயகாரர் பட்டியலும் இப்படித்தான் கணினிக்குப் போகின்றன. இத்தகைய மென்பொருள்களுக்குள் இருப்பது பெரும்பாலும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம். தனியாக சேர்வர் எதுவும் ஓடாது. முழுத் தரவுத்தளமும் ஒரே ஒரு கோப்புத்தான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையின்போது இந்த யோசனை ரிச்சர்ட் ஹிப் என்பவருக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு முதற்பதிப்பு வெளியானது. இன்று ஆண்ட்ராய்ட், ஐபோன், பயர்பொக்ஸ், குரோம் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது.

ஒருநாள் அந்தக் கோப்பு திறக்காவிட்டால் எல்லாரும் முதலில் மின்சாரத்தைத்தான் திட்டுவார்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதைத் தாங்கும்படிதான் எஸ்கியூலைட் கட்டப்பட்டிருக்கிறது. என் கணிப்பில், கோப்பைக் கெடுப்பது பெரும்பாலும் மின்சாரம் திரும்பி வந்த பிறகு நாம் செய்யும் கைவேலைதான். அதனால் இந்த வழிகாட்டியின் முதற்பகுதி, எதைச் செய்யக்கூடாது என்பதைப் பற்றியது.

முதல் பத்து நிமிடம்

மென்பொருளை மூடுங்கள். அதே கோப்பை வேறு கணினியோ வேறு நிரலோ திறந்து வைத்திருந்தால் அதையும் மூடுங்கள். பிறகு கோப்பு இருக்கும் அடைவைத் திறந்து பாருங்கள். தரவுக் கோப்பின் பெயரோடு "ஜேர்னல்" என்ற பின்னொட்டுச் சேர்ந்த இன்னொரு கோப்பு கிடக்கலாம். அல்லது "வால்", "எஸ்எச்எம்" என்ற பின்னொட்டுகளோடு இரண்டு கோப்புகள் கிடக்கலாம். இவற்றைக் குப்பையென்று நினைத்து அழிப்பதுதான் நான் சொல்லும் கைவேலைகளில் மிக மோசமானது.

ஜேர்னல் கோப்பில் இருப்பவை, மாற்றத் தொடங்குமுன் எடுத்து வைத்த பழைய பக்கங்கள். பாதியில் மின்சாரம் போயிருந்தால், அடுத்த முறை திறக்கும்போது எஸ்கியூலைட் அந்தப் பக்கங்களைத் திருப்பி வைத்து, அரைகுறை எழுத்தை நீக்கிவிடும். ஜேர்னலை நீங்கள் அழித்துவிட்டால் பாதி புதியதும் பாதி பழையதுமான கோப்புத்தான் மிஞ்சும். வால் கோப்பு இதற்கு நேர்மாறானது. அதில் இருப்பவை இன்னும் பிரதான கோப்புக்குப் போய்ச் சேராத புதிய பதிவுகள். அதை விட்டுவிட்டுப் பிரதான கோப்பை மட்டும் பென் ட்ரைவில் எடுத்துப்போனால் கடைசியாகப் போட்ட சிட்டைகள் காணாமற்போகும். பிரதான கோப்பின் பெயரை மட்டும் மாற்றுவதும் ஆபத்து. துணைக் கோப்புகளைப் பெயரை வைத்துத்தான் எஸ்கியூலைட் தேடுகிறது.

ஆகவே கிடக்கும் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து, பெயர் மாற்றாமல், வேறொரு வட்டில் பிரதி எடுங்கள். இனிமேல் எல்லா வைத்தியமும் அந்தப் பிரதியில்தான். மூலத்தைத் தொடவேண்டாம்.

பிழைச் செய்தியை வாசித்தல்

திரையில் வரும் செய்தியில் ஒரு எண் இருக்கும். இல்லாவிட்டால் நிரலின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எண் 5 என்றால் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது. கெட்டுப்போகவில்லை. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். மற்றவர் காத்திருக்கவேண்டும். ஆனால் காத்திருக்கும் நேரம் இயல்பாகப் பூச்சியம் என்பதால், உடனே பிழை என்று திரும்பிவிடும். "பிசி டைம்அவுட்" என்ற அமைப்பை 5000 மில்லிசெக்கன் என்று வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். அதன் பிறகும் வந்தால், எங்கோ ஒரு பரிவர்த்தனை தொடங்கி முடிக்கப்படாமல் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

எண் 8 வந்தால் எழுத அனுமதி இல்லை. 13 வந்தால் வட்டு நிறைந்துவிட்டது. 10 வந்தால் வட்டோ அதன் வயரோ சரியில்லை. அப்போது தரவுத்தளத்தை ஆராய்ந்துகொண்டிருக்காமல் முதலில் வட்டை மாற்றுங்கள்.

எண் 26, இது தரவுத்தளமே அல்ல என்று சொல்கிறது. நல்ல எஸ்கியூலைட் கோப்பின் முதல் 16 பைட்டுகளில் அதன் பெயரும் வடிவ எண் 3 என்பதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்தாலே தெரியும். அது இல்லாவிட்டால் கோப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்கலாம், வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்பட்டிருக்கலாம், அல்லது நீங்கள் எடுத்தது வேறு கோப்பாக இருக்கலாம்.

"அட்டவணை இல்லை" என்று வந்தால் பதறவேண்டாம். கோப்பின் அளவைப் பாருங்கள். பூச்சியம் பைட் என்றால் நிரல் தவறான இடத்தில் தேடியிருக்கிறது. இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால் எஸ்கியூலைட் சத்தமில்லாமல் புதிதாக ஒன்றைப் படைத்துவிடும். உங்கள் உண்மையான கணக்கு வேறு அடைவில் பத்திரமாக இருக்கும்.

எண் 11தான் உண்மையான சேதம்.

சேதத்தை மீட்டல்

எஸ்கியூலைட்டின் கட்டளைவரிக் கருவியை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிய பதிப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். பிரதியைத் திறந்து "இன்டெக்ரிட்டி செக்" என்ற பிராக்மா கட்டளையைக் கொடுங்கள். "ஓகே" என்று ஒரு சொல் மட்டும் வந்தால் கோப்பின் கட்டமைப்பு நலம். இல்லாவிட்டால் பிழைகளை வரிசையாகக் காட்டும். சும்மா விட்டால் 100 பிழைகளோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே சரியாக 100 வரி வந்தால் அதற்கு மேலும் இருக்கக்கூடும்.

வந்த வரிகள் எல்லாம் சுட்டிகளைப் பற்றியவை என்றால், அதாவது இன்ன வரி இன்ன சுட்டியில் இல்லை, சுட்டியின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால், அதிர்ஷ்டம். தரவு அப்படியே இருக்கிறது, தேடலுக்கான சுட்டிதான் பிசகியிருக்கிறது. "ரீஇன்டெக்ஸ்" கொடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

பக்கங்களே சிதைந்திருந்தால் பழைய நூல்கள் "டம்ப்" கட்டளையைச் சொல்லும். அதில் ஒரு பொறி இருக்கிறது. இடையில் சேதத்தைக் கண்டால் டம்ப் வெளியிடும் கோப்பின் கடைசி வரி "உறுதிசெய்" என்று இராது, "பின்வாங்கு" என்று இருக்கும். அதைப் புதிய தரவுத்தளத்தில் ஏற்றினால் எல்லா வரிகளும் ஏறி, கடைசி நொடியில் எல்லாமே நீங்கி, வெறுங்கோப்புத்தான் மிஞ்சும். அந்தக் கடைசி வரியைக் கையால் மாற்றினால் கிடைத்தவரை மீளும்.

இதைவிட நல்லது "ரிகவர்" கட்டளை. 2019இல் கருவிக்கு வந்து சேர்ந்தது. சிதைந்த பக்கங்களைத் தாண்டிப்போய் கிடைத்ததையெல்லாம் பொறுக்கி எடுக்கும். எந்த அட்டவணைக்கு உரியதென்று தெரியாத வரிகளை "லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட்" என்ற தனி அட்டவணையில் போட்டு வைக்கும். அதை நிதானமாக உட்கார்ந்து வாசியுங்கள். அங்கே தோட்டக்காரரின் பெயர் இராமல் தொகையும் திகதியும் மட்டும் இருக்கலாம். சிட்டைக் கட்டோடு ஒப்பிட்டால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். இன்னொரு விடயம்: ரிகவர், அழிக்கப்பட்ட பக்கங்களையும் கிண்டும். எப்போதோ தீர்த்து அழித்த கடன் உயிர்பெற்று எழுந்து வரலாம். அது வேண்டாமென்றால் வெற்றுப் பக்கங்களைப் புறக்கணிக்கச் சொல்லும் தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டு எடுத்த புதிய கோப்பில் மீண்டும் இன்டெக்ரிட்டி செக். அது அட்டவணைகளுக்கு இடையிலான உறவைச் சோதிக்காது. அதற்கு "ஃபொரின் கீ செக்" என்று தனியாக ஒன்று உண்டு. பிறகு ஒவ்வொரு அட்டவணையிலும் எத்தனை வரிகள் என்று எண்ணி, கடைசியாக எடுத்த காப்புப்பிரதியோடு ஒப்பிடுங்கள். டம்ப் வழியே வந்திருந்தால் "யூசர் வேர்ஷன்" என்ற பதிப்பெண் பூச்சியமாகியிருக்கும். சில நிரல்கள் அதைப் பார்த்து, தாங்கள் இப்போதுதான் நிறுவப்பட்டோம் என்று எண்ணி அட்டவணைகளைப் படைக்கப் புறப்படும். பழைய எண்ணைத் திருப்பி எழுதிவிடுங்கள். வால் முறையையும் மறுபடி இயக்கவேண்டும்.

கோப்பு நலம், பதில் பிழை

சேதத்தைவிட அடிக்கடி வருவது இதுதான். தேடினால் ஆள் கிடைக்காது. கூட்டினால் இன்றைய கணக்கு நேற்றையதில் விழும்.

நேரத்திலிருந்து தொடங்குவோம். எஸ்கியூலைட்டிடம் "இப்போது" என்று கேட்டால் அது சொல்வது உலகப் பொது நேரம். நமக்கு 5 மணி 30 நிமிடம் பின்னால். சந்தைக்காக விடிய 5 மணிக்குப் போட்ட சிட்டை முந்திய நாளின் கணக்கில் விழும். பகல் முழுவதும் எல்லாம் சரியாக இருப்பதால் இதைக் கண்டுபிடிக்க நாளாகும். கேள்வியில் "லோக்கல்டைம்" என்ற மாற்றியைச் சேர்த்தால் சரியாகும். திகதிக்கென்று தனி வகை எஸ்கியூலைட்டில் இல்லை. 12/3/2024 என்று எழுதி வைத்தால் அது எழுத்துச் சரம், வரிசை குழம்பும். 2024-03-12 என்று ஆண்டு முன்னாலும் நாள் பின்னாலும் இருக்கட்டும்.

அடுத்தது எண்கள். கைத்தொலைபேசி எண்ணை முழுவெண் நெடுவரிசையில் போட்டால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். அடையாள அட்டை இன்னும் வேடிக்கை. பழையது 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வந்தது 12 இலக்கம். ஒரே முழுவெண் நெடுவரிசையில் பழையது எழுத்தாகவும் புதியது எண்ணாகவும் பதிவாகும். எஸ்கியூலைட் இதைத் தடுக்காது. எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பது அதன் விதி. "25 கிலோ" என்று யாராவது எடை நெடுவரிசையில் தட்டிவிட்டால், 100க்கு மேற்பட்டவை எவை என்று கேட்கும்போது அதுவும் வந்து நிற்கும். "டைப்ஓஃப்" என்ற செயற்பாட்டால் இப்படிக் கலந்தவற்றைப் பிரித்தெடுக்கலாம். புதிதாக அட்டவணை படைப்பவர்கள் 2021இல் வந்த "ஸ்ட்ரிக்ட்" அட்டவணையைப் பயன்படுத்தட்டும். தொலைபேசி எண்ணும் அடையாள அட்டை எண்ணும் எழுத்து வகையிலேயே இருக்கவேண்டியவை.

தமிழ்ப் பெயர் தேடலுக்கு வருவோம். "ஸ்ரீதரன்" என்று தேடினால் வரவில்லை, பட்டியலிலோ பெயர் இருக்கிறது. முதல் எழுத்து ஸகர ஒற்றாகவும் இருக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகர ஒற்றாகவும் இருக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றம். "கொ" என்பதை ஒரே குறியோடும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, எஸ்கியூலைட்டுக்கு இரண்டு. பதியும்போதும் தேடும்போதும் நிரல் எல்லாவற்றையும் ஒரே இயல்புவடிவத்துக்கு மாற்றவேண்டும். ஶகரத்தை அந்த மாற்றம் தொடாது, அதற்குத் தனியாக விதி எழுதவேண்டும். "ஔ" ஒலிக்கு ளகரத்தைப் போட்டுத் தட்டியவர்களுக்கும் அப்படியே.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பதிவுகள் இருந்தால் யூனிகோடில் தேடி ஒன்றும் கிடைக்காது. அவை உள்ளே ஆங்கில எழுத்துகள். பாமினியிலேயே தேடினாலும் "லைக்" என்ற தேடற்சொல் ஏமாற்றும். அது ஆங்கிலச் சிறிய பெரிய எழுத்துகளை வேறுபடுத்தாது. பாமினியில் "ம"வும் "மு"வும் ஒரே ஆங்கில எழுத்தின் சிறியதும் பெரியதும். ஒருமுறை முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே வழி.

எழுத்தை எண்ணுவதிலும் கவனம் வேண்டும். "நீர்வேலி" நமக்கு நான்கெழுத்து, எஸ்கியூலைட்டுக்கு எட்டு. முதல் எழுத்தை வெட்டி எடு என்றால் "நீ" வராது, "ந" வரும். முழுஉரைத் தேடல் வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அதன் வழமையான சொல்பிரிப்பி எழுத்தையும் இலக்கத்தையும் மட்டும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும். உயிர்க்குறியும் புள்ளியும் வந்த இடமெல்லாம் சொல் துண்டுபடும். குறி வகைகளையும் சேர்க்கும்படி அமைப்பில் சொல்லவேண்டும்.

அகரவரிசை கேட்டால் ஒழுங்கு யூனிகோட் எண்படி வரும். னகரம் நகரத்தின் பக்கத்தில், ளகரம் ழகரத்துக்கு முன்னால். நிரலிலேயே தமிழ் வரிசை விதியொன்றை எழுதிச் சேர்க்கலாம். ஆனால் அந்த விதியைப் பிறகு திருத்தினால் அதன்மேல் கட்டிய சுட்டிகள் பிசகும். மேலே சொன்ன ரீஇன்டெக்ஸ் இதற்காகவே இருக்கிறது.

வேகக் குறைவு சின்ன விடயம். கேள்வியின் முன்னால் "எக்ஸ்பிளெய்ன் குவரி பிளான்" என்று போட்டால் அது "ஸ்கான்" செய்கிறதா "சேர்ச்" செய்கிறதா என்று சொல்லும். பெரிய அட்டவணையில் ஸ்கான் என்றால் சுட்டி ஒன்று படையுங்கள். பதிவேற்றம் மந்தமென்றால் எல்லா வரிகளையும் ஒரே பரிவர்த்தனைக்குள் போடுங்கள். சாதாரணக் கணினியில் நொடிக்கு 50,000 வரிகள் ஏறும். வரிக்கு ஒரு பரிவர்த்தனை என்றால் பழைய சுழல்வட்டில் நொடிக்கு அறுபதைத் தாண்டாது.

காப்புப்பிரதி

மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பைப் பிடித்து இழுத்துப் பென் ட்ரைவில் போடுவது காப்புப்பிரதி ஆகாது. கருவியின் "பேக்அப்" கட்டளையோ "வெக்கியூம் இன்டூ" கட்டளையோ, எழுத்து நடந்துகொண்டிருந்தாலும் ஒழுங்கான பிரதியைத் தரும். கோப்பைப் பகிர்வு அடைவில் வைத்து இரண்டு கணினிகளில் திறப்பதை விட்டுவிடுங்கள். வலையமைப்பு அடைவுகளில் பூட்டு நம்பத்தக்கதல்ல, வால் முறை அங்கே வேலையே செய்யாது. மலிவான பென் ட்ரைவிலேயே நேரடியாகக் கணக்கை ஓட்டுவதும் வேண்டாம். எழுதி முடித்தேன் என்று அவற்றில் சில பொய் சொல்லும். மின்சாரம் போனதும் உண்மையிலேயே கெடுவது அந்த இடத்தில்தான்.

எடுத்த பிரதியை மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து, இன்டெக்ரிட்டி செக் கொடுத்து, கடைசிச் சிட்டையின் இலக்கத்தைக் கையிலுள்ள சிட்டைக் கட்டோடு பாருங்கள். பொருந்தினால் அந்த இலக்கத்தையும் திகதியையும் பென் ட்ரைவின் மேல் ஒட்டுத்தாளில் எழுதி வையுங்கள்.