யார் எவ்வளவு நன்றாக ஆடுகிறார்?
(மேசைப்பந்தாட்டத்தில் திறமையை அளக்கும் தர எண்)

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

ஓட்டப் பந்தயத்தில் ஒருத்தி எவ்வளவு வேகமாக ஓடினாள் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். நீளம் தாண்டுதலில் எவ்வளவு தூரம் தாண்டினாள் என்பதை டேப் சொல்லிவிடும். தனியாக ஓடினாலும் தனியாகத் தாண்டினாலும் அந்த அளவு மாறாது. மேசைப்பந்தாட்டமோ அப்படிப்பட்டதன்று. எதிரே ஒருவர் நின்று பந்தைத் திருப்பி அடித்தால்தான் ஆட்டமே நடக்கும். “நான் 11–4 என்று வென்றேன்” என்று ஒருத்தி சொன்னால், “யாரை வென்றாய்?” என்ற கேள்வி உடனே எழும். அவரை வெல்வது அரிதா, எளிதா என்று அறிய, அவர் யார் யாரை வென்றிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். இப்படியே கேள்வி அனுமார் வால் போல நீண்டுகொண்டே போகும்.

உலகப் போட்டிகளில் ஆடுபவர்களைப் பற்றி நமக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுடைய வெற்றிகள் ஊரறிந்தவை. மாலையில் சிறிது நேரம் ஆடும் மாணவிகள், அலுவலகம் முடிந்து மன்றத்துக்கு வந்து மட்டை பிடிக்கும் பெரியவர்கள் போன்ற சாதாரண ஆட்டக்காரர்களின் திறமையை எப்படி அளப்பது? அதற்கென்று ஏற்பட்ட வழிதான் ‘ரேட்டிங்’ எனப்படும் தர எண். அதைப் பற்றி நான் படித்து அறிந்ததையும், எங்கள் பள்ளியில் அதைச் செய்து பார்த்தபோது எனக்கு நேர்ந்ததையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

நாக்-அவுட்டும் லீக்கும்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அணியை நாக்-அவுட் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். 16 பேர் பெயர் கொடுத்தோம். நாக்-அவுட் முறையில் 15 ஆட்டங்களில் போட்டி முடிந்துவிடும். நேரம் மிச்சம். ஆனால் முதல் சுற்றிலேயே 8 பேர் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வெளியேறிவிடுவார்கள். முதல் இடம் யாருக்கு என்பதை இந்த முறை ஓரளவு சரியாகச் சொல்லும். இரண்டாவது யார், ஐந்தாவது யார் என்பதை அதனால் சொல்ல முடியாது. ஏனென்றால் இரண்டாவது நல்ல ஆட்டக்காரி முதல் சுற்றிலேயே முதல்வரிடம் மாட்டிக்கொள்ளலாம் அல்லவா?

அப்படித்தான் நடந்தது. அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த விடுதி மாணவி ஒருத்திக்கு, சீட்டுக் குலுக்கியதில் பள்ளிச் சாம்பியனே எதிராளியாக வந்தார். அந்தச் சிறுமி 2–3 என்ற கணக்கில் போராடித் தோற்றாள். அதன்பின் அவளை யாரும் நினைக்கவில்லை. நானோ, புதிதாக மட்டை பிடித்த இருவரை வென்று அரையிறுதிக்கு வந்துவிட்டேன். நால்வர் அணியில் எனக்கு இடம் கிடைத்தது. அது என் திறமை என்றே நான் நம்பினேன்.

அப்படியானால் எல்லாரும் எல்லாருடனும் ஆடும் லீக் முறை நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் 16 பேருக்கு 120 ஆட்டங்கள் வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிடம் என்றால் 40 மணி நேரம். எங்கள் கூடத்தில் இருப்பதோ ஒரே மேசை. மாலையில் கிடைப்பதோ 40 நிமிடம். கணக்குப் போட்டால் 60 நாட்கள் ஆகும். அதற்குள் அரையாண்டுத் தேர்வே வந்துவிடும்!

ஒரு பேராசிரியரின் கணக்கு

இந்தச் சிக்கலுக்கு விடை மேசைப்பந்திலிருந்து வரவில்லை, சதுரங்கத்திலிருந்து வந்தது. அர்பாத் எலோ என்பவர் 1903ஆம் ஆண்டில் ஹங்கேரியில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். மில்வாக்கி நகரில் இயேசு சபையைச் சார்ந்த மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றினார். தாமே சிறந்த சதுரங்க ஆட்டக்காரர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கழகம் 1960ஆம் ஆண்டிலும், உலகச் சதுரங்கக் கழகம் 1970ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன.

அவருடைய கருத்து மிக எளியது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் எண் இருக்கும். இருவர் மோதும்போது, அந்த எண்களின் வித்தியாசத்தைக் கொண்டு யார் வெல்லக்கூடும் என்று முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் முடிவு எதிர்பார்த்தபடியே இருந்தால் எண்கள் சிறிதளவே மாறும். முடிவு எதிர்பாராததாக இருந்தால், நாம் வைத்திருந்த எண்கள் தவறானவை என்று பொருள். ஆகவே அவற்றை அதிகமாகத் திருத்த வேண்டும். எத்தனை முறை வென்றாய் என்று மட்டும் பாராமல், யாரை வென்றாய் என்றும் பார்ப்பதே இதன் சிறப்பு.

அமெரிக்க மேசைப்பந்து அட்டவணை

அமெரிக்க மேசைப்பந்துச் சங்கம் இக்கருத்தை யாரும் பென்சிலால் கணக்கிடக்கூடிய ஓர் அட்டவணையாகத் தந்துள்ளது. அதன் முக்கியமான வரிகள் இவை. இடப்புறம் இருவரின் எண்களுக்கிடையே உள்ள வித்தியாசம். அடுத்தது, உயர்ந்த எண் உடையவர் வென்றால் மாறும் புள்ளிகள். கடைசியாக, குறைந்த எண் உடையவர் வென்றால் மாறும் புள்ளிகள்.

0 முதல் 12 வரை: 8, 8
13 முதல் 37 வரை: 7; 10
38 முதல் 62 வரை: 6, 13
63 முதல் 87 வரை: 5; 16
88 முதல் 112 வரை: 4, 20
113 முதல் 137 வரை: 3, 25
138 முதல் 162 வரை: 2, 30
238உம் அதற்கு மேலும்: 0, 50

வென்றவர் பெறும் புள்ளிகளைத் தோற்றவர் இழப்பார். 3–0 என்று வென்றாலும் 3–2 என்று வென்றாலும் புள்ளி ஒன்றுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு 1,300, மற்றவருக்கு 1,200. வித்தியாசம் 100. பெரியவர் வென்றால் அவருக்குக் கிடைப்பது 4 புள்ளிகள்தான். தோற்றாலோ 20 புள்ளிகள் போய்விடும். இதில் ஓர் அழகான உண்மை ஒளிந்திருக்கிறது. இருவரும் 6 முறை ஆடி, பெரியவர் 5 முறை வென்று 1 முறை தோற்றால், 5 × 4 = 20 புள்ளிகள் வந்து, 20 புள்ளிகள் போகும். இடையில் எண்கள் சிறிது மாறுவதை விட்டுவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். அதாவது, 100 புள்ளி வித்தியாசம் என்றால் “இவர் அவரை 6 ஆட்டங்களில் 5 முறை வெல்வார்” என்று அட்டவணை கூறுகிறது. அதே சமயம், 6இல் ஒரு முறை சிறியவர் வெல்வார் என்றும் அது கூறுகிறது. ஒரு தோல்வியைக் கண்டு நாம் அழ வேண்டியதில்லை. ஒரு வெற்றியைக் கண்டு துள்ள வேண்டியதும் இல்லை.

இந்த எண்ணால் அமெரிக்காவில் என்ன பயன்? அங்கே போட்டிகளில் வயதுப் பிரிவுகளோடு தர எண் பிரிவுகளும் உண்டு. 1,400க்குக் குறைந்தவர்களுக்கென்று ஒரு பிரிவு வைத்தால், அதில் 12 வயதுச் சிறுமியும் 60 வயதுப் பெரியவரும் எதிரெதிரே நின்று சமமாக ஆடலாம். ஜெர்மனியிலும் எலோ முறையைத் தழுவிய தர எண் உண்டு. அங்கே மன்ற அணிகளில் யார் முதல் ஆட்டக்காரர், யார் இரண்டாவது என்ற வரிசையே அந்த எண்ணைச் சார்ந்தது. திறமையானவரைக் கீழ் வரிசையில் ஒளித்து வைத்து எளிதாக வெற்றி தேட முடியாது.

உலகத் தரவரிசை வேறு, தர எண் வேறு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2018ஆம் ஆண்டில் உலக மேசைப்பந்துக் கழகம் தன் தரவரிசை முறையை மாற்றி, ஒருவர் போட்டிகளில் ஈட்டும் புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்தலாயிற்று. அதில் அடிக்கடி ஆடுபவருக்கு நன்மை உண்டு. தர எண்ணோ ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிராளிக்கு ஏற்ப ஏறும், இறங்கும்.

எங்கள் நீள நோட்டு

எங்கள் கணித ஆசிரியை இந்த அட்டவணையை விளக்கியதும், விளையாட்டு ஆசிரியை அதை இந்த ஆண்டு அணித் தேர்வுக்குப் பயன்படுத்தலாம் என்றார். விடுதிப் பொறுப்பாளரான சகோதரி ஒரு நீள நோட்டைக் கொடுத்தார். இந்த ஆண்டும் 16 பேர் சேர்ந்தோம். ஆளுக்கு 1,000 புள்ளிகள் என்று தொடங்கினோம். யார் யாருடன் வேண்டுமானாலும் ஆடலாம். ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் எழுதியே தீர வேண்டும்.

கணக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒருவர் பெறுவதை மற்றவர் இழப்பதால் எல்லாருடைய எண்களையும் கூட்டினால் எப்போதும் 16,000 வர வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிப் பார்ப்பேன். ஒரு வாரம் 16,003 வந்தது. தேடிப் பார்த்தால், வென்றவளுக்கு 13 கூட்டிவிட்டுத் தோற்றவளிடம் 10 மட்டுமே கழித்திருந்தேன்!

வாரங்கள் செல்லச் செல்ல, சென்ற ஆண்டு முதல் சுற்றில் தோற்ற அந்தச் சிறுமியின் எண் ஏறிக்கொண்டே வந்தது. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நான் 1,074, நான்காம் இடம். அவள் 1,061; ஐந்தாம் இடம். வித்தியாசம் 13. நான் வென்றால் 7 கிடைக்கும். தோற்றால் 10 போகும், என் இடமும் போகும்.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று வாரங்கள் நான் அவளுடன் ஆடவே இல்லை. “அக்கா, ஒரு மேட்ச் ஆடலாமா?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் எனக்கு வீட்டுப்பாடம் இருந்தது, அல்லது கை வலித்தது. நோட்டு என் கையில்தானே இருந்தது. அதில் என் எண் பத்திரமாக இருந்தது. ஒரு நாள் விடுதிச் சகோதரி நோட்டைப் புரட்டிவிட்டு, “நீங்கள் இருவரும் ஆடியே நாளாகிறதே, ஏன்?” என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். “தெர்மாமீட்டரை ஒளித்து வைத்தால் காய்ச்சல் போய்விடுமா?” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சென்றுவிட்டார்.

மறுநாள் மாலை ஆடினோம். 2–3 என்ற கணக்கில் தோற்றேன். என் கையாலேயே எழுதினேன்: எனக்கு 1,064, அவளுக்கு 1,071. அணியில் நான்காம் இடம் அவளுக்குப் போயிற்று. நான் மாற்று ஆட்டக்காரி ஆனேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் மாவட்டப் போட்டியில் எங்கள் அணி இரண்டாம் சுற்றில் தோற்றபோதும், அவள் தன் இரண்டு ஆட்டங்களையும் வென்றாள். பெஞ்சியில் அமர்ந்து அதைப் பார்த்த எனக்கு, சரியான ஆளே அங்கே ஆடுகிறாள் என்று தெரிந்தது.

தர எண்ணின் குறைகள்

தர எண்ணுக்குக் குறைகளும் உண்டு. முதலாவது, அது ஒரு கூட்டத்துக்குள் மட்டுமே பொருள்படும். எங்கள் நோட்டில் 1,071 பெற்றவளும் அமெரிக்காவில் 1,071 பெற்றவரும் சமம் அல்லர். இரு கூட்டத்தாரும் ஒருவரோடொருவர் ஆடியதில்லையே! இரண்டாவது, சிறுவர் சிறுமியர் விரைவில் முன்னேறுவார்கள். எண் அவர்கள் பின்னால் மெதுவாக வரும். மூன்றாவது, நீண்ட முட்கள் உள்ள ரப்பர் ஒட்டிய மட்டையால் ஆடுபவரிடம் சிலர் எப்போதும் திணறுவார்கள். ஒரே ஓர் எண்ணால் இப்படிப்பட்ட விஷயங்களைச் சொல்ல முடியாது.

நான்காவது குறை எண்ணில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. எண் இறங்கிவிடுமோ என்று அஞ்சி ஆடாமல் இருப்பவர்கள் உண்டு. கீழ்ப் பிரிவில் எளிதாகப் பரிசு பெற வேண்டுமென்று வேண்டுமென்றே தோற்று எண்ணைக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. இரு சாராரும் அளவுகோலைக் கெடுக்கிறார்கள். எல்லாரும் உண்மையாக ஆடினால்தான் எல்லாருடைய எண்ணும் உண்மையாக இருக்கும்.

முடிவுரை

தர எண் என்பது இதுவரை ஆடிய ஆட்டங்களைக் கொண்டு செய்த ஒரு மதிப்பீடு. அடுத்த ஆட்டத்தில் அது மாறும். அது ஒருத்தியின் மதிப்பைச் சொல்வதில்லை. இன்று யாருடன் ஆடினால் ஆட்டம் சமமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. மூலையில் நிற்கும் திறமைசாலியை அது வெளியே கொண்டுவருகிறது. தன்னைப் பற்றி அதிகமாக எண்ணியிருப்பவளுக்கு உண்மையைக் காட்டுகிறது. இரண்டையும் நான் கண்ணால் கண்டேன்.

அன்புத் தங்கைகளே, அடுத்த ஆண்டு நோட்டு உங்கள் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை கூட்டிப் பார்க்க மறந்துவிடாதீர்கள். உங்களை வெல்லக்கூடியவள் “ஆடலாமா?” என்று கேட்டால், உடனே மட்டையை எடுங்கள். நான் வீணாக்கிய மூன்று வாரங்களில் அவளுடன் ஆடியிருந்தால், தோற்றாலும் என் ஆட்டமாவது முன்னேறியிருக்கும்!