பிரேக்கில் புகை வந்த பந்தயம்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ‘உராய்வு’ என்ற தலைப்பில் ஆளுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அறிவியல் சார் சொன்னார். செருப்பு, தீக்குச்சி, கேரம் போர்டு பவுடர் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் பிரேக் மிச்சம் இருந்தது. உண்மையைச் சொன்னால் அதை நானே கேட்டு வாங்கினேன். ஏன் என்று என் இடது கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆடி மாதம் தூறல் நாளில் ரயில்வே மேம்பாலத்தில் இறங்கும்போது என் சைக்கிள் பிரேக் பிடிக்கவில்லை. நேராகப் போய் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் மோதினேன். மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்பா சைக்கிளைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அதோடு விடாமல் சைக்கிள் கடைக்குப் போய், “கட்டை மாத்தச் சொல்லி காசு குடுத்தனுப்பினேனே, என்ன வேலை பார்த்த?” என்று கடைக்கார அண்ணனைச் சத்தம் போட்டார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தலைப்பு வாங்கிய பிறகு சார், மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பல வருடங்களாகக் கொடுத்த பேட்டிகளை அச்செடுத்துக் கொடுத்தார். “பந்தயம், பயணம், வாழ்க்கைன்னு நெறைய பேசியிருக்காங்க. உனக்கு வேண்டியது அதுக்குள்ளயே இருக்கு, தேடு” என்றார். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். சார் சொன்னது சரிதான். பந்தயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் அவர்கள் பேச்சு பிரேக்கில்தான் வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சின்ன ஊர். 1970-களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர் 1930, 40-களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைக்குக் கொண்டு போனார்கள். தடிமனான பலூன் டயர், கனமான இரும்பு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 கிலோ எடை. நம் ஊர்ப் பால்கார சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை வண்டி என்ற அர்த்தத்தில் அதற்கு ‘கிளங்கர்’ என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நம்மில் யார் வேகம் என்று வாய்ச்சண்டை வந்தது. பேசித் தீராது என்று, காட்டுத்தீ அணைக்கும் வண்டிகள் போவதற்காக வெட்டிய ஒரு மண்பாதையில் பந்தயம் வைத்தார்கள். முதல் பந்தயம் 1976 அக்டோபர் 21-ஆம் தேதி நடந்தது. ஏற்பாடு செய்தவர் சார்லி கெல்லி. எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினால் அடிபடும். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பினார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் என்று கெல்லி ஒரு நோட்டில் எழுதி வைத்தார். முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். எப்படி ஜெயித்தார் தெரியுமா? அன்றைக்குக் கீழே விழாமல் வந்தவர் அவர் ஒருவர்தான்!

பாதை சுமார் இரண்டு மைல் நீளம். அதற்குள் 1,300 அடி இறங்குகிறது. எட்டடி போனால் ஒரு அடி பள்ளம் என்று கணக்கு. நடுவில் கல், குழி, முன்னால் என்ன வருகிறது என்று தெரியாத வளைவுகள். ஒரு வளைவுக்கு ‘கேமரா கார்னர்’ என்றே பெயர் வந்துவிட்டது. படம் எடுக்க நல்ல இடம். விழுவதற்கும் நல்ல இடம்.

இப்போது பிரேக். நம் சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கும். அந்தப் பழைய சைக்கிள்களில் ஹேண்டில்பாரில் பிரேக்கே கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கர ஹப்புக்கு உள்ளே இருக்கும் உலோகத் துண்டுகள் விரிந்து ஹப்பின் உள்சுவரில் உரசும். வண்டி நிற்கும். சமதரையில் இது நன்றாக வேலை செய்யும். அந்த மலையிலோ, கீழே வந்து சேரும்போது ஹப்பிலிருந்து புகை வரும். உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் உருகி, ஆவியாகிப் போயிருக்கும். மறுபடி ஏறுவதற்கு முன் ஹப்பைப் பிரித்து, துடைத்து, புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதை ஆங்கிலத்தில் ‘ரீபேக்’ என்பார்கள். பாதைக்கும் பந்தயத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு ரிப்பேர் வேலையின் பெயரில் பந்தயம் நடந்தது என்று நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

புகை வரும் அளவுக்கு அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? சாரும் நானும் கரும்பலகையில் போட்ட கணக்கு இதோ. பத்தாம் வகுப்பு அண்ணன் அக்காக்கள் தப்பு இருந்தால் சொல்லவும்.

1,300 அடி என்றால் 396 மீட்டர். ஆள் 70 கிலோ, சைக்கிள் 22 கிலோ, மொத்தம் 92 கிலோ. நிலை ஆற்றலுக்கு நிறை, 9.8, உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும். 92 × 9.8 × 396. சுமார் 3,57,000 ஜூல் வருகிறது. இது எவ்வளவு என்று எனக்கு மனசில் நிற்கவில்லை. சார் சொன்னார், “ஒரு லிட்டர் தண்ணிய முப்பது டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 2,94,000 ஜூல் போதும்மா.” அதாவது மலை உச்சியில் நிற்கும் அந்த ஆளிடம் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகும் மிச்சம் இருக்கிறது!

எல்லாமே பிரேக்குக்குப் போகாது. காற்றும் மண்ணும் பங்கு வாங்கிக்கொள்ளும். சரி, பாதி என்று வைப்போம். ஹப்பில் சூடாகும் இரும்பு ஒரு கிலோ என்று வைப்போம். இரும்பை ஒரு கிலோ, ஒரு டிகிரி சூடாக்க 450 ஜூல் போதும். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 400 டிகிரி ஏறும். இறங்கும்போதே காற்றுப்பட்டுக் கொஞ்சம் ஆறும் என்பதால் அவ்வளவு வராது. ஆனாலும் கிரீஸ் பாவம், எப்படித் தாங்கும்?

பிறகு எங்கள் மேம்பாலத்துக்கும் கணக்குப் போட்டேன். பக்கவாட்டுப் படிகள் 46. படிக்கு அரை அடி வைத்தால் 23 அடி, அதாவது 7 மீட்டர். நானும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ. விடை 4,116 ஜூல். இதை வைத்து ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரிகூடச் சூடாக்க முடியாது. ரீபேக் பாதையின் உயரம் எங்கள் பாலத்தை 56 தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல. ஒற்றைப் பாலத்துக்கே நான் விழுந்தேன் என்பதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கிரீஸ் அடைத்து அலுத்துப்போய்தான் அவர்கள் சைக்கிளை மாற்ற ஆரம்பித்தார்கள். கேரி ஃபிஷர் என்பவர் தன் பழைய ஷ்வின்னில் இருவர் ஓட்டும் சைக்கிளின் டிரம் பிரேக்கையும், மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரையும், பல கியர்களையும் மாட்டினார். (இவர் தலைமுடி நீளமாக இருக்கிறது என்று 1968-இல் சாலைப் பந்தயத்தில் சேர்க்காமல் நிறுத்தி வைத்தார்களாம். பி.இ.டி. சார் கவனிக்க.) ரீபேக்கின் வேக சாதனை இவருடையது, 4 நிமிடம் 22 நொடி. சராசரியாக மணிக்கு 44 கிலோமீட்டர் வருகிறது, அதுவும் அந்தப் பாதையில்!

ஜோ ப்ரீஸ் என்ற இன்னொரு நண்பர், பழைய சட்டத்தில் எதை மாட்டினாலும் ஒடிகிறது என்று 1977-இல் மலைக்கென்றே புதுச் சட்டம் கட்டினார். அதன் பெயர் ப்ரீஸர். அதுவும் 17 கிலோதான், ஆனால் ஒடியவில்லை. அவர் கட்டிய முதல் வண்டி இன்றைக்கு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-இல் ஃபிஷரும் கெல்லியும் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் கடை ஆரம்பித்தார்கள். சட்டம் செய்து கொடுத்தவர் டாம் ரிட்சி. அந்தப் பெயரைத் தங்களுக்கே சொந்தமாகப் பதிவு செய்யப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு எந்தக் கம்பெனியும் அந்தப் பெயரைப் போட்டு விற்கிறது.

அப்படியானால் மலைச் சைக்கிளைக் கண்டுபிடித்தவர் யார்? வினாடி வினாவில் கேட்டால் ஒரே பெயரைச் சொல்லாதீர்கள். 1974 டிசம்பரில் மரினில் நடந்த ஒரு பந்தயத்துக்கு குபர்டினோ என்ற ஊரிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். அவர்களுடைய தடி டயர் சைக்கிள்களில் அப்போதே பல கியர்கள் இருந்தன. அதைப் பார்த்துத்தான் மரின்காரர்களுக்கு யோசனை வந்தது. வந்தவர்கள் தங்கள் குழுவுக்கு ‘மாரோ டர்ட் கிளப்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாரோ என்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? பின்பக்கம் மிதிக்கும் பிரேக் ஹப்பின் கம்பெனிப் பெயர்! பிரேக் எங்கும் விடுவதாக இல்லை.

இத்தனை ஆண்கள் பெயரைப் படித்துவிட்டு, பொண்ணுங்க யாருமே இல்லையா என்று தேடினேன். இருந்தார். வெண்டி கிராக். அந்தக் காலத்துப் பந்தயப் படங்களில் நிறைய இவர் எடுத்தவை. படம் மட்டும் எடுக்கவில்லை, இறங்கவும் இறங்கினார். 5 நிமிடம் 27 நொடி. பெண்களில் அதுதான் சாதனை. 1978-இல் கொலராடோ மாநிலத்தில் கிரெஸ்டட் பியூட் என்ற ஊரிலிருந்து ஆஸ்பென் நகருக்கு, சுமார் 12,700 அடி உயரமுள்ள பேர்ல் கணவாய் வழியாக ஒரு கூட்டம் சைக்கிளில் போனது. மரினிலிருந்து போய் அதில் சேர்ந்தவர்களில் இவரும் ஒருவர். நம் ஊட்டி தொட்டபெட்டா 8,650 அடிதான். அதற்கும் மேலே நாலாயிரம் அடி!

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990-இல் கொலராடோவின் துராங்கோவில் உலகப் போட்டி, 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக். வாய்ச்சண்டையில் ஆரம்பித்த விளையாட்டு இருபது வருடத்தில் ஒலிம்பிக்குக்குப் போய்விட்டது.

ஆனால் பிறந்த ஊரில் மரியாதை குறைந்தது. நடந்து போகிறவர்களும் குதிரையில் போகிறவர்களும், திடீரென்று வளைவில் சைக்கிள் வருகிறது, பயமாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பாலத்தில் நான் வந்த வேகத்தைக் கரும்புச்சாறு அக்காவிடம் கேளுங்கள். மரினின் ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தடை வந்தது. மண்சாலைகளில் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர்தான் வேகம் என்று விதி வந்தது. ஃபிஷரின் சாதனை வேகத்தில் பாதியைச் சற்றுத்தான் தாண்டும். ஃபேர்ஃபாக்ஸில் 2015-இல் சைக்கிள் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பெருமைக்குரிய அந்தப் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. அதில் வேகமாகத்தான் போகக் கூடாது.

நான் இரண்டு தடவை படித்த பேச்சு லேல் வில்காக்ஸ் என்ற அலாஸ்காப் பெண்ணுடையது. கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிகோ எல்லைவரை மலை முதுகு வழியாக சுமார் 4,400 கிலோமீட்டர் போகும் ‘டூர் டிவைட்’ என்று ஒரு பந்தயம். நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. சாப்பாடு, தூக்கம், ரிப்பேர் எல்லாம் அவரவர் பாடு. 2015-இல் இவர் பந்தயம் ஆரம்பிக்கும் இடத்துக்கே அலாஸ்காவிலிருந்து சைக்கிளில் வந்தார்! வழியில் மூச்சுத் தொந்தரவு வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அப்படியும் 17 நாளில் முடித்தார். அது மனசுக்குப் போதவில்லை. அதே கோடையில் தனியாகத் திரும்பப் போய் அதே வழியை 15 நாள் 10 மணி 59 நிமிடத்தில் முடித்தார். பரிசே இல்லாத ஒன்றை ஏன் இரண்டாம் தடவை செய்ய வேண்டும் என்று என் தோழி கேட்டாள். எனக்கு அது புரிந்தது. மாவுக்கட்டு பிரித்த அன்றே நான் பரணைத்தான் பார்த்தேன்.

இனி அண்ணனின் பார்வை. பிரேக் கட்டை மாற்ற அப்பா கொடுத்த அறுபது ரூபாயை நான் கடைக்குக் கொண்டு போகவே இல்லை. பள்ளி வாசலில் இரண்டு வாரம் மாங்காயும் ஐஸும் வாங்கித் தின்றேன். கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. மழை ஈரத்தில் அது வழுக்காமல் என்ன செய்யும்? உராய்வு பற்றி எழுத உட்கார்ந்தபோது இதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. பேட்டிகளில் அந்த மனிதர்கள் தாங்கள் விழுந்ததையெல்லாம் எந்தக் கல், எந்த வளைவு என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். நான் மட்டும் இன்னொருவர் தலையில் போட்டுவிட்டு இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, “வா” என்றார். கடையில் அண்ணனிடம், “தப்பா பேசிட்டேன்பா, மனசுல வெச்சுக்காத” என்றார். அண்ணன், “விடுங்கண்ணே. ஏம்மா, அப்பவே வந்திருந்தா நான் கடனுக்காவது மாத்திக் குடுத்திருப்பேன்ல?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சைக்கிள் பரணிலிருந்து இறங்கிவிட்டது. நான்கு புதுக் கட்டை. அண்ணன் பின் ஹப்பையும் பிரித்து, பால்ஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்தார். “அண்ணே, இதுக்கு அமெரிக்கால ரீபேக்னு பேரு” என்றேன். “இங்க ஓவராயிலுன்னு பேரு. அந்த ஸ்பேனர எடு” என்றார்.

அறுபது ரூபாயை நான் வாராவாரம் ஐந்து ரூபாயாக அப்பாவிடம் கொடுக்க வேண்டும். பாலத்தில் இறங்கும்போது பொங்கல் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு வாரம் முடிந்திருக்கிறது.

— 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி