வடிகட்டிக்கும் ஒரு குளிப்பு

"தண்ணி மணக்குது ராத்தா" என்று தம்பி கோப்பையை நீட்டியபோது நான் நம்பவில்லை. வடிகட்டிய நீர் எப்படி மணக்கும்? வடிகட்டியின் மூடியைத் திறந்தேன். உட்புறத்தில் கறுப்புப் புள்ளிகள். சுவரைத் தொட்டால் வழுவழுப்பு. மூன்று மாதங்களாக அதனுள் நீர் ஊற்றினோமே தவிர, அதை எவரும் கழுவவில்லை.

சகோதரிகளே, வடிகட்டி அழுக்கை அழிப்பதில்லை. தடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதனுள் இருக்கும் வெண்பீங்கான் உருளையின் நுண்துளைகள் ஏறத்தாழ ஒரு மைக்ரோன் அல்லது அதனிலும் சிறியவை. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரும்பாலான பற்றீரியாக்கள் அங்கே சிக்கிக்கொள்ளும். ஆனால் உடனே இறந்துவிடுவதில்லை. உருளையினுள் கரி இருந்தால், அது குழாய்நீரின் குளோரினையும் அகற்றும். சுவை சீராகும், கூடவே நீரின் காவலும் போய்விடும். எமது நாட்டின் வெப்பமும் ஈரப்பதனும் சேரும்போது கீழ்ப்பாத்திரத்திலும் திருகுகுழாயிலும் நுண்ணங்கிகள் படலமாகப் படரும். மாரிகாலத்தில் ஈரம் உலராமல் மூடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

செய்ய வேண்டியவை இவை:

1. வாரம் ஒருமுறை இரு பாத்திரங்களையும் மூடியையும் குழாயையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்கு அலசி, கவிழ்த்து உலர விடுங்கள்.

2. நீர் மெதுவாக வடிந்தால் உருளையை ஓடும் நீரில் மென்மையான தூரிகையால் தேயுங்கள். சவர்க்காரம் வேண்டாம், அது துளைகளில் தங்கிவிடும். நீர் வெளியேறும் அடிமுனையில் அழுக்குக் கை படக்கூடாது.

3. மீளப் பொருத்தியபின் முதலில் வடியும் நீரைக் கொட்டிவிடுங்கள்.

4. உருளையில் வெடிப்பு இருந்தால் உடனே மாற்றுங்கள். கரியின் ஆற்றல் கழுவுவதால் திரும்பாது. குறித்த காலத்தில் புதியது வேண்டும்.

5. வெயில் படும் இடத்தில் வடிகட்டியை வைக்காதீர்கள், பாசி வளரும்.

இவ்வளவு செய்தும் ஒன்றை மறக்கலாகாது. செங்கண்மாரியை உண்டாக்கும் ஹெப்படைற்றிஸ் ஏ வைரசின் விட்டம் சுமார் 0.03 மைக்ரோன்தான். உருளையின் துளை அதற்குத் திறந்த வாசல். ஆகவே கிணற்று நீரையும், வெள்ளம் வடிந்த நாட்களில் எந்த நீரையும் கொதிக்கவைத்து ஆற்றியே பருக வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை வடிகட்டிக்கும் குளிப்பு. மூடியைத் திறந்து மணந்து பார்ப்பது தம்பியின் வேலை.